படித்துறையில் நமக்கு முன்னால் நின்றவர்

நீச்சலில் கை வீசுவதையும் மூச்சு விடுவதையும் பற்றி நான் உங்களுக்கு எதுவும் எழுதப்போவதில்லை. அதில் என் வேலைக்கு வரும் நீங்கள் இருவருமே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தேர்வு நாளன்று கரையில் உட்கார்ந்து பார்த்தேன். பயிற்சி முகாமில் சொல்லித்தராத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகள் ஏரிக்கரையில் வரிசையாக நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இறங்கலாமா வேண்டாமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். நமக்குச் சம்பளம் அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அனுபவம் என்று எழுத உட்காரும் வயது எனக்கு இல்லை. கணவருக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைத்ததால் செஞ்சியை விட்டுப் போகிறேன், அவ்வளவுதான். இதை எழுதத்தான் வேண்டுமா, எழுதினால் உங்களை வீணாகப் பயமுறுத்துவேனோ என்று பலமுறை யோசித்தேன். எழுதாமல் போனால் அதைவிடக் கவலையாக இருக்கும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

நம் வகுப்பு ஏன் கோடை விடுமுறையில் நடப்பதில்லை என்று தேர்வில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். கோடையில் ஏரியில் தண்ணீர் இருக்காது. கார்த்திகை மழையில் நிரம்பினால் பங்குனி வரைக்கும் நிற்கும். அதனால் பொங்கல் முடிந்ததும் தொடங்கி, ஏரி வற்றும் வரை வார இறுதிகளில் நடத்துகிறோம். சிங்கவரம் போகும் வழியில் இருக்கும் அந்த ஏரிதான் நமது நீச்சல் குளம். குழாய்த் தண்ணீரோ, நீல ஓடோ, அடி தெரியும் தெளிவோ கிடையாது. பிள்ளைகள் தலையைத் தூக்கி ராஜகிரி மலையைப் பார்த்து, அதை நேராக வைத்துக்கொண்டு நீந்துவார்கள். தண்ணீருக்குள் பார்க்க எதுவும் இல்லாததால் வெளியே இருக்கும் மலைதான் அவர்களுக்குக் கோடு.

எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் என் வயதுக்காரர். என்னைவிட உரத்த குரல், என்னைவிடப் பெரிய கை. வேலையை ஒப்படைத்தபோது எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார். "சந்தேகம் வந்தா உன்னையே கேளு. உன் பொண்ண இந்தத் தண்ணியில எறக்குவியா? எறக்குவன்னா எறக்கு. இல்லன்னா எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிடு."

நல்ல விதிதான், அவருக்கு. அவருடைய மகன் கரையில் செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணீரில் இருப்பான். என் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. திராட்சையைக்கூட நான்காக வெட்டித்தான் கொடுப்பேன். குளியலறையில் வாளி நிறைந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு, சாத்தினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். எனக்குத் தண்ணீரில் பயமில்லை, கல்லூரிக் காலத்திலிருந்து நீந்துகிறேன். யாழினி தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதை நினைத்தால்தான் பயம். ஆகவே எந்த நாள் கேட்டாலும், தண்ணீர் எப்படி இருந்தாலும், அந்தக் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: மாட்டேன். எப்போதும் ஒரே எடையைக் காட்டும் தராசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் வேலையைத் தொடங்கினேன்.

சோதனை வந்தது என் இரண்டாவது தை மாதத்தில். ஒரு திங்கட்கிழமை காலை செல்வம் அண்ணன் போன் செய்தார். கடைவீதியில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்பவர். கொஞ்சம் நெல்லும் மணிலாக் கடலையும் போட்டிருக்கிறார். அவர் மகள் இலக்கியாவுக்கு எட்டு வயது. அப்போதுதான் இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருக்கிறது, கண் எரிகிறது, இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தாள் என்றார். அன்றைக்கே இன்னும் சில வீடுகளிலிருந்து அதே செய்தி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பு கொடுத்து, கொஞ்ச நாள் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். என் முன்கையும் அரித்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் இதற்கு உடனே காரணங்கள் கிடைத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கருவாடும் கத்திரிக்காயும் தின்றால் அரிக்காமல் என்ன செய்யும் என்றார்கள் சில அம்மாக்கள். எருமை குளிப்பாட்டுகிற தண்ணீரில் பிள்ளைகளை இறக்கினால் இப்படித்தான் என்றார்கள் வேறு சிலர். செல்வம் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. ஏரிக்கு மேல்பக்கம் இருக்கும் அரிசி ஆலைதான் காரணம், நெல் அவித்த தண்ணீரை வாய்க்காலில் விடுகிறார்கள், நாற்றம் நமக்குத் தெரியாதா என்றார். அந்த நாற்றம் எனக்கும் தெரியும். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். மதகு மேடையில் நின்று பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். குளிப்பதற்குத் தடையாக எதுவும் தெரியவில்லை என்று பதில் வந்தது. வகுப்பைத் திரும்ப நடத்தினேன். சனிக்கிழமை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து மறுநாள் மறுபடியும் அதே போன்கள்.

என்னுள் இருந்த அம்மா முன்னால் வந்து நின்றுகொண்டாள். மறு அறிவிப்பு வரும்வரை வகுப்பு இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு காய்கறி வாங்க யாழினியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எதிரே தாரணி வந்தாள். எட்டாம் வகுப்பு. நம் வகுப்பிலேயே நன்றாக நீந்துபவள். பின்னால் இலக்கியாவும் இன்னும் சில சின்னப் பிள்ளைகளும். எல்லோருடைய பின்னலிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலெல்லாம் வெள்ளையாகக் கல் மாவு. இலக்கியாவின் முழங்கை இரண்டும் உராய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது.

எங்கே போனீர்கள் என்று கேட்டேன். தாரணி ஒளிக்கவில்லை. கல் உடைத்து விட்டுப்போன பழைய பள்ளத்துக்குப் போயிருக்கிறார்கள்.

"தண்ணி கண்ணாடி மாரி இருக்குது மேடம். கல்லு போட்டா அது அடியில போற வரைக்கும் தெரியுது. அரிப்பே இல்ல."

"யாரு அங்க போவச் சொன்னது?"

"ஏரியிலதான் எறங்க வேணாம்னு சொன்னீங்க. அங்க எறங்க வேணாம்னு சொல்லலியே."

அவள் என்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள்.

எனக்குக் காட்டு என்று சொல்லி, யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தேன். நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பள்ளத்தைப் போய்ப் பார்த்துவிடுங்கள். அழகான தண்ணீர். பச்சை கலந்த நீலம். பூச்சி இல்லை, சேறு இல்லை, நாற்றம் இல்லை. நான்கு பக்கமும் வெட்டிய பாறைச் சுவர். காலை வைத்தால் நேராக ஆழம்தான். ஏறுவதற்குப் படியோ சரிவோ எங்கேயும் கிடையாது. பாறையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய கம்பியில் துப்பட்டாக்களை முடிச்சுப்போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பிடித்துத்தான் ஏறியிருக்கிறார்கள். இலக்கியாவுக்குப் பிடி நழுவியது, தாரணி மேலேயிருந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். முழங்கை அப்படித்தான் உராய்ந்திருக்கிறது.

விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். யாழினி எட்டிப் பார்க்கத் துள்ளிக்கொண்டிருந்தாள். என் பிடி இறுகி அவள் "வலிக்குதும்மா" என்றாள். வேண்டாம் என்று நான் சொன்னால் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்கள் வேறு தண்ணீருக்குப் போயிருந்தார்கள். படி இருக்கிற, நான் இருக்கிற, அரிக்கிற தண்ணீரை மூடிவிட்டு, யாருமே இல்லாத தெளிந்த தண்ணீருக்கு அவர்களை அனுப்பியிருந்தேன். பள்ளத்தைச் சுற்றி முள் போடச் சொல்லலாம், பெற்றோரிடம் சொல்லலாம், அதெல்லாம் அன்றைக்கே செய்தேன். ஆனால் ஏரி மூடியிருக்கும்வரை அவர்கள் ஏதாவது ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஏரியைத் திறக்க வேண்டும். அதற்கு ஏரியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

எனக்கு முன்பு இருந்தவருக்குப் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் காலத்தில் இப்படி வந்ததில்லை, தனக்குத் தெரியாது என்றார். அப்படி நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு, "யாருக்கெல்லாம் வந்துதுன்னு சொல்ற. யாருக்கு வரல?" என்று கேட்டார்.

அதை நான் யோசித்ததே இல்லை. அரித்தவர்கள் போன் செய்தார்கள், அரிக்காதவர்கள் ஏன் செய்யப்போகிறார்கள்? தாரணிக்கு வரவில்லை. பெரிய பிள்ளைகள் யாருக்குமே வரவில்லை. சனிக்கிழமைகளில் யாருக்கும் வரவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு உடம்பு கெட்டி, அதனால் வரவில்லை என்று தாரணி சொல்லியிருந்தாள். அரிசி ஆலை சனிக்கிழமையும் ஓடுகிறது. எருமைக்கு ஞாயிறு தெரியாது. கருவாடு தின்ற வீடுகளில் பெரிய பிள்ளைகளும்தான் தின்றிருக்கிறார்கள்.

இங்கே என் பயம் கொஞ்சம் விலகி நின்றதை நான் கவனித்தேன். இடத்தை விட்டுப் போகவில்லை, விலகி நின்றது. அதன் இடத்தில், இது என்னவாக இருக்கும் என்ற அரிப்பு வந்து உட்கார்ந்தது. யாழினிக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் பெரிய பிள்ளைகள் என்ன வேறாகச் செய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் மிகச் சாதாரணமானது. பெரியவர்கள் மதகு மேடையிலிருந்து நேரே ஆழத்தில் குதிப்பார்கள். சின்னவர்கள் படித்துறை வழியாக இறங்கி, படிக்குப் பக்கத்திலேயே இடுப்பளவில் நின்று கற்றுக்கொள்வார்கள். நான் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தது மதகு மேடையிலிருந்து. கை எட்டுவதற்கு அதுதான் வசதி. யாருக்கும் அரிக்காத தண்ணீரைத்தான் பாட்டிலில் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு விடியலிலேயே போய்க் கரையில் உட்கார்ந்தேன். வகுப்பு கிடையாது, விசில் கிடையாது, சும்மா பார்ப்பதுதான் வேலை. நம் ஏரியில் கால் வைத்து இறங்க வசதியான இடம் அந்தப் படித்துறை ஒன்றுதான். இரண்டு பக்கமும் காட்டாமணக்கு அடர்ந்து கிடக்கிறது. அதனால் ஏரியில் வேலை உள்ள எல்லோரும் அங்கேதான் வர வேண்டும். முதலில் சரோஜா அக்கா எருமைகளோடு வந்தார். பிறகு துணியோடு சிலர். பிறகு மொபெட்டில் பூச்சிமருந்து தெளிக்கும் டேங்கை வைத்துக்கொண்டு செல்வம் அண்ணன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், அதே மாதிரி டேங்கோடு. வாரம் முழுக்கக் கடையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு வயலுக்கு மருந்தடிக்க ஞாயிறு காலைதான் நேரம்.

"இன்னா மேடம், கிளாஸ் இல்லாத நாள்ல வந்துட்டீங்க?" என்றார் செல்வம் அண்ணன். சும்மாதான் என்றேன். படியிலேயே டேங்கில் மருந்தைக் கலந்துகொண்டு போய், அடித்துவிட்டுத் திரும்பி வந்த அவர் படியில் உட்கார்ந்து டேங்கைத் தண்ணீரில் சாய்த்து அலசினார். மூன்று பேரும் அலசினார்கள். படியை ஒட்டிய தண்ணீர் பால் விட்ட மாதிரி வெளுத்தது. எல்லோரும் போன பிறகு ஒரு காட்டாமணக்கு இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். வெகுநேரம் கழித்தும் இலை அங்கேயே நின்றது. இரு பக்கமும் செடி மறித்திருப்பதால் அந்த மூலையில் தண்ணீர் நகர்வதே இல்லை. வழக்கமான ஞாயிறாக இருந்திருந்தால் இந்நேரம் செல்வம் அண்ணன் வீட்டுக்குப் போய், கை கழுவி, அதே மொபெட்டில் இலக்கியாவை உட்காரவைத்து, இதே படிக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருப்பார்.

எழுந்து அவர் வீட்டுக்குப் போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. நான் பார்த்தது வெளுத்த தண்ணீரும் நகராத இலையும் மட்டும்தான். அதுதான் அரிப்புக்குக் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தவறாகச் சொல்லிவிட்டால்? சரியாகவே இருந்தாலும், உன் மகளுக்கு நீதான் காரணம் என்று ஒரு அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? கோபத்தில் இலக்கியாவை நிறுத்திவிட்டால் அவள் மறுபடியும் பள்ளத்துக்குத்தான் போவாள். அவள் இன்னும் மிதக்கத்தான் கற்றிருந்தாள். சொல்லாமலும் இருக்க முடியாது. அன்று சாயந்தரம் பெற்றோர் எல்லோரும் கரையில் கூடி அரிசி ஆலைக்குப் போய்ச் சத்தம் போடுவதாக இருந்தார்கள். முன்னால் நிற்கப்போவது செல்வம் அண்ணன்.

சாயந்தரம் எல்லோரும் வந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். நாம் போய் நீ என்ன விடுகிறாய் என்று கேட்டால், நீங்கள் என்ன விடுகிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டாமா? இந்தப் படியில் காலையிலிருந்து யார் என்ன செய்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிடுவோம் என்றேன். நான் இங்கேதான் கால் கழுவுகிறேன், விசிலைக்கூட இங்கேதான் அலசுகிறேன் என்று என்னிலிருந்தே தொடங்கினேன்.

சரோஜா அக்கா சிரித்தார். "எங்க எருமை இன்னா இன்னா பண்ணுதுன்னு எல்லாத்தையும் சொல்லணுமா? ஆம்பளைங்க வேற இருக்குறாங்க."

"எருமைக்கே வெக்கமில்ல, உனக்கு இன்னா?" என்றது ஒரு குரல்.

சோப்புத் துணி, பாய் அலசுவது, காரியம் முடித்து முழுகுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆளுக்கு ஆள் கிண்டல் செய்துகொண்டார்கள். செல்வம் அண்ணனும் சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்கினார்.

"நான் இன்னா பண்றன், டேங்க அலசிக்கினு போவன். அதுவும் தெனம் இல்ல, ஞாயித்துக்கெழம..."

அங்கே நின்றுவிட்டார். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அவர் கரைக்கு மேலே பார்த்தார். இலக்கியா மற்ற பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை களிம்பு பூசியிருந்தது.

"அதுவா மேடம்?"

"தெரியலண்ணா. அதுவா இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல மாட்டன்."

"எவ்ளோ பெரிய ஏரி. ஒரு டேங்கு கழுவுனா கெட்டுப்பூடுமா?"

"ஏரி கெட்டிருக்காதுண்ணா. படிகிட்ட இருக்குற தண்ணிதான். அங்கதான் சின்னப் பசங்க நிக்கறாங்க."

இலை நின்ற கதையைச் சொன்னேன். சிலர் இறங்கிப்போய் ஆளுக்கொரு இலையைப் போட்டுப் பார்த்தார்கள். அன்று மாலை செஞ்சியில் இதைவிட முக்கியமான வேலை யாருக்கும் இல்லை என்பதுபோல எல்லோரும் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் டேங்க் கழுவிய இன்னொருவருக்குக் கோபம் வந்தது. அதற்காக மருந்தடிக்காமல் இருக்க முடியுமா, உங்கள் நீச்சலா எங்கள் நெல்லா என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சரோஜா அக்காதான் குறுக்கே வந்தார். "மாடு, மனுஷன், மருந்து, எல்லாத்துக்கும் ஒரே வாசப்படி. சண்ட வராம இன்னா பண்ணும்? வேற வாசப்படி வெச்சிக்கினா முடிஞ்சிபோச்சி."

செல்வம் அண்ணன், கொடத்துல மொண்டுக்கினு போய் வயல்லயே கலந்துக்கறன், அலசுற தண்ணியையும் அங்கியே பயிருக்கு ஊத்திடறன் என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். மற்ற இருவரும் மறுத்துப் பேசவில்லை. அன்று யாரும் ஆலைக்குப் போகவில்லை. ஆலைத் தண்ணீர் பிரச்சினை பொய் என்று நினைத்துவிடாதீர்கள். அது தனியாக இருக்கிறது, ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம், நீங்கள் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் அது இலக்கியாவின் கால் அரிப்புக்குப் பதில் இல்லை.

சின்னப் பிள்ளைகளின் வகுப்பைக் கலங்கல் பக்கம் மாற்றினோம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகும் கல் கட்டு அது. உள்பக்கம் கல் பாவிய சரிவு, கால் வழுக்காது. முள்ளை வெட்டி வழி செய்ய அப்பாக்களே வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் அங்கே வரிசையாக நின்றார்கள். நான் சொல்ல வேண்டிய சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். நான் தாமதித்ததைச் செல்வம் அண்ணன் பார்த்திருக்க வேண்டும். இலக்கியாவின் தோளில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், உங்க பொண்ண எறக்குவீங்களா?"

அதே கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இறக்குவேன் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"மாட்டன்ண்ணா," என்றேன். "என் பொண்ணு விஷயத்துல எனக்கு எல்லாத் தண்ணியும் பயம்தான். அதனால என் பயத்தக் கேக்காதீங்க. நான் பாத்தத வேணும்னா சொல்றன்."

சொன்னேன். விடியலிலிருந்து இங்கே இருக்கிறேன். இந்தப் பக்கம் யாரும் இறங்கவில்லை. அந்தப் படியிலும் இன்று யாரும் டேங்க் கழுவவில்லை. காற்று படித்துறைப் பக்கத்திலிருந்து இல்லை, சிங்கவரம் பக்கத்திலிருந்து வருகிறது. போட்ட இலை நிற்காமல் ஏரிக்குள் நகர்ந்து போனது. நான் முழுகி எழுந்து வெகுநேரம் ஆயிற்று. கண் எரியவில்லை, கை அரிக்கவில்லை. இடுப்பளவு எங்கே முடிகிறது என்று கழி நட்டிருக்கிறேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்குமேல் தெரியாது.

அவர் தானே ஒரு இலையைக் கிள்ளிப் போட்டார். அது நகர்ந்தது.

"போ," என்றார் இலக்கியாவிடம். "மலையப் பாத்துக்கினே போ."

திங்கட்கிழமை என் போன் அடிக்கவில்லை. சார்ஜ் இல்லையோ என்று எடுத்துப் பார்த்தேன். கணவரைக் கூப்பிடச் சொல்லிக்கூடப் பார்த்தேன். போன் நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமையும் யாரும் கூப்பிடவில்லை. மருந்துதான் காரணம் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன். படியை விட்டு வந்தோம், அரிப்பு நின்றது. அந்த மாசி முடிவதற்குள் இலக்கியா கழியைத் தாண்டி நீந்தினாள். அந்தப் பள்ளத்துக்கு அவள் மறுபடி போனாளா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால் தானாக நீந்தத் தெரிந்தவளாகப் போயிருப்பாள்.

ஆகவே ஏரி சுத்தமாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இன்று காலை நமக்கு முன்னால் இந்த இடத்தில் நின்றவர் யார், என்ன செய்தார், அவர் விட்டுப்போனது இன்னும் இங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்குப் பதில் கிடைக்கும். கொஞ்சம் சீக்கிரமாக எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால், பிள்ளைகள் அங்கிருந்து எங்கே போவார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். புது மழைக்குப் பிறகு எல்லோரும் புதுத்தண்ணீர் என்று கொண்டாடுவார்கள். ஊரில் கிடந்த எல்லாவற்றையும் அந்த மழைதான் கழுவிக்கொண்டு வந்திருக்கும். அப்போதும் இதே கேள்விதான்.

இன்னொரு விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன், கடைசிவரை தள்ளிப்போட்டுவிட்டேன். யாழினிக்கு இப்போது ஆறு வயது. இந்தத் தையிலிருந்து வார இறுதிகளில் செஞ்சியில் என் தங்கை வீட்டில் இருப்பாள். தங்கை அவளை உங்கள் வகுப்புக்குக் கூட்டிவருவாள். நான் வரமாட்டேன். வந்தால் கரையில் நின்று அவளை இறங்கவிட மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். இறக்கலாமா என்று எனக்குப் போன் செய்யாதீர்கள், செய்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவளுக்குச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கத் தெரியும். மலை எந்தப் பக்கம் என்று தெரியும். நீங்கள் முதலில் ஒரு இலையைப் போட்டுப் பாருங்கள்.